துணிக்கு அடியில் ஒரு கை

ஆஸ்பத்திரி வாசலில் கார் வந்து நின்ற அந்த மத்தியானத்தில், வானத்தைத் துடைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட மேகமில்லை. ஆனால் காரைவிட்டு இறங்கியவர் வானத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கு மழை கிடையாது” என்றார் மகளிடம்.

“அது தலையைத் தூக்கினாலே தெரியுதேப்பா.”

“வானம் பொய் சொல்லும். இது சொல்லாது.”

சாக்கு மார்க்கெட்டில் அவருக்கு முட்டி முதலாளி என்று பெயர். பழைய சணல் சாக்கை வாங்கி, தட்டி, ஒட்டுப் போட்டு, பிரஸ்ஸில் அமுக்கிச் சிப்பமாகக் கட்டி விற்கிற தொழில். அந்தத் தொழிலில் மழை என்பது பூட்டை உடைத்துக்கொண்டு வரும் கொள்ளைக்காரன். அவன் வருவதற்கு முந்தின நாளே முதலாளியின் முட்டிக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருக ஆரம்பிப்பார்கள். அவர் கடைக்குள் உட்கார்ந்தபடி முகத்தைச் சுளித்தால் போதும், எதிர்க்கடைக்காரன் தார்ப்பாயை இழுத்துவிடுவான். ரேடியோ ஒன்று சொல்ல, முட்டி வேறொன்று சொன்னால், மார்க்கெட் முட்டியைத்தான் நம்பும். இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள். அவளுக்கு இந்தப் பெருமையெல்லாம் பிடிக்காது. மழைக்காலம் முழுக்க அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பழைய அடிபட்டவர்களின் வலியை ஒரு டாக்டர் ஆராய்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று மாதம் நச்சரித்து இன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் தனியாக ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே நடுக்கூடத்தில், கொதிகலனைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு பெரிய இரும்பு உருளை. ஒரு பக்கம் கனத்த கதவு. பக்கவாட்டில் முகத்தளவு அகலத்துக்குக் கண்ணாடி போட்ட மூன்று வட்ட ஜன்னல். தண்ணீருக்குள் முங்கி வேலை செய்கிறவர்களுக்காக ஒரு காலத்தில் கட்டியதாம். பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

“எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம்தான் ஐயா” என்றார் டாக்டரம்மா. மெலிந்த உருவம், காதில் பென்சில். “மழைக்கு முன்னாடி வலிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. ஈரமா, குளிரா, இல்ல காத்தோட அழுத்தம் குறையிறதா? சிலர் ஆமாங்கிறாங்க, சிலர் அதெல்லாம் மனப்பிராந்திங்கிறாங்க. அதான் வெயில் அடிக்கிற நாளா பார்த்து உங்களை வரச்சொன்னேன். உள்ள அழுத்தத்தை மட்டும் குறைப்போம். புயல்ல குறையிறதைவிடக் கொஞ்சம் அதிகமாவே.”

“குறைஞ்சா என்ன ஆகும்?”

“நம்ம மேல எந்நேரமும் காத்து அமுக்கிக்கிட்டே இருக்கு. அது லேசாச்சுன்னா, உள்ள அமுங்கிக் கிடக்கிறதெல்லாம் விரியும். பழைய தழும்புல அது உறுத்தும். அப்படித்தான் நினைக்கிறோம்.”

அமுக்கிக் கட்டினது கட்டு தளர்ந்தால் விரியும் என்பதை முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“முட்டி எப்படி உடைஞ்சது?” டாக்டரம்மா பென்சிலைக் கையில் எடுத்தார்.

“லாரிமேல சிப்பம் ஏத்திக்கிட்டிருந்தேன். வழுக்கி விழுந்துட்டேன்.”

“அந்தப் பெரிய புயல் அன்னைக்கு” என்று சேர்த்துக்கொண்டாள் மகள். “எங்க மாமா காணாமப் போனதும் அன்னைக்குத்தான் டாக்டர். அம்மாவோட அண்ணன். அப்பாவுக்கு யாவாரத்துல கூட்டாளி.”

“அதெல்லாம் டாக்டரம்மாவுக்கு எதுக்கு?” என்றார் முதலாளி. “எவளோடயோ ஓடிப்போனவன் பேச்சு.”

மகளின் அம்மா அந்தப் பேச்சை நம்பாமலே, வாசலைப் பார்த்தபடியே செத்துப்போனாள். இப்போது முதலாளிக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவு இந்த மகள்தான். தொழில் போகட்டும், கால் போகட்டும், உயிரே போனாலும் போகட்டும். ஒரு விஷயம் மட்டும் அவள் காதுக்கு எட்டக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் கட்டிக் காப்பது அந்த ஒன்றைத்தான்.

உருளையை இயக்குகிற ஆபரேட்டர் தொந்தியும் தொப்பியுமாக வந்தார். “பயப்படாதீங்க முதலாளி. இதுக்குள்ள போனவங்க எல்லாரும் திரும்பி வந்திருக்காங்க. எந்தக் கோலத்துல வந்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”

“யாவாரிகிட்டயே பயம் காட்டுறியா?” முதலாளி சிரித்தார். “கதவு உள்ளேயிருந்து திறக்குமா?”

“உள்ளேயிருந்தும் திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது. உள்ள காத்து குறைஞ்சா, வெளிக்காத்தே கதவை அமுக்கிப் பிடிச்சுக்கும். பத்து ஆள் சேர்ந்து இழுத்தாலும் ஆடாது. நான் வால்வைத் திறந்து காத்தை விட்டாத்தான்.”

உள்ளே பேசுவதற்கு ஒலிபெருக்கி உண்டு, ஆனால் விசிறிச் சத்தம் பாதியை விழுங்கிவிடும். அதனால் இடது கை விரலால் வலியைக் காட்ட வேண்டும். ஒன்று என்றால் லேசு. ஐந்து என்றால் தாங்க முடியாதது. “அஞ்சு காட்டினாலும் நான் நிறுத்த மாட்டேன், குறிச்சுக்குவேன்” என்றார் டாக்டரம்மா. “போதும், வெளியே விடுன்னு சொல்லணும்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல பெருக்கல் குறி மாதிரி வைங்க. ரெண்டு கை. மறந்துடாதீங்க.”

“விரல்ல பேசுறது அப்பாவுக்குப் புதுசா என்ன?” என்று மகள் சிரித்தாள்.

அது சரிதான். சாக்கு மார்க்கெட்டில் வாயால் விலை பேசுகிறவன் கத்துக்குட்டி. இரண்டு பேரும் கையைச் சேர்த்து, மேலே ஒரு சாக்குத் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. முழுக் கையையும் பொத்திப் பிடித்தால், மொத்தச் சரக்கும் எனக்கு வேண்டும் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் பழகிய கூட்டாளிகள் விலை மட்டுமில்லை, எந்தப் பேரத்தையும் விரலிலேயே பேசிக்கொள்வார்கள். வெளியே வாய் மழையைப் பற்றி மட்டுமே பேசும். மழை வருமா, வராதா, காற்று எந்தப் பக்கம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழவும் புரியாது. அதற்கு ஒரே ஒரு சட்டம்: எவன் முதலில் கையை வெளியே உருவுகிறானோ, அவன் எதிராளி கடைசியாகக் கேட்டதற்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்ததால் கையை உருவிவிட்டு, மொத்தக் குடோனையும் தோற்றவன் கதை மார்க்கெட்டில் உண்டு. முட்டி முதலாளி ஆயுசில் ஒரு தடவைகூட முதலில் கையை உருவியதில்லை.

உள்ளே ஏறி பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு பெஞ்சு காலியாக இருந்தது. “குளிரும்” என்று ஆபரேட்டர் ஒரு வெள்ளைப் போர்வையை மடியில் விரித்துவிட்டார். முதலாளியின் வலது கை பழக்கதோஷத்தில் துணிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கதவு மூடியது. இரும்பு இரும்போடு கவ்வும் சத்தம். பிறகு விசிறி.

முதல் தடவை, காற்று சீறியது. ஜன்னலில் மகளின் முகம் ஆவலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளி முட்டியைக் கவனித்தார். ஒன்றுமில்லை. கைமுஷ்டியை மூடிக் காட்டினார், பூஜ்யம். வெளியே டாக்டரம்மாவும் ஆபரேட்டரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சத்தம் மட்டும் விட்டு, அழுத்தத்தைக் குறைக்காமலே ஏமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். முட்டியிடமா? முதலாளி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை அது ஏமாற்று வேலை இல்லை.

காது இரண்டும் படக்கென்று அடைத்துத் திறந்தன. மூச்சு மெலிந்தது. காற்று குளிர்ந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெண்மூட்டம் கிளம்பி உருளைக்குள் நிறைந்தது. அப்படித்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முட்டிக்குள் திருப்புளி முதல் திருகு திருகியது. இடது கையில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு.

மூன்று.

அப்போதுதான் வாசனை வந்தது.

நனைந்த சணல். அதில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கும் அடியில், இனிப்பும் துருவும் கலந்த இன்னொன்று. இரும்பு உருளைக்குள் சாக்கு வாசனை எப்படி வரும்? முதலாளி மூக்கை உறிஞ்சினார். எதிர் பெஞ்சின் மேல் மூட்டம் மற்ற இடத்தைவிட அடர்த்தியாக இருந்தது. யாரோ உட்கார்ந்த கனத்தில் பெஞ்சின் பலகை முனகியது.

பிறகு அது விரியத் தொடங்கியது.

இரும்புப் பட்டையை வெட்டிய சிப்பம் எப்படி விரியும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரேயடியாக விரியாது. முதலில் ஒரு மூலை விம்மும். பிறகு ஒரு மடிப்பு மூச்சு விடும். முணக், முணக் என்று உள்ளே அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் இடத்தைத் தேடிக்கொண்டு எழும்பும். மூட்டத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் அது சாக்கு பிரிகிற சத்தம் இல்லை. எலும்பு எலும்பாகச் சொடக்கு விழுகிற சத்தம்.

போர்வைக்கு அடியில் ஒரு கை வந்து அவருடைய வலது கையைத் தொட்டது.

குளிர்ந்த கை. ஈரமான கை. உள்ளங்கையில் காய்ப்பு. இருபது வருஷம் துணிக்கு அடியில் பிடித்துப் பழகிய கை.

“மாப்ளே” என்றது மூட்டம், மெதுவாக. “மழை வருமா?”

புயல் நாளன்று அவன் அதைத்தான் கேட்டான். அவருடைய மச்சான்.

அந்த வருஷம் பூச்சிமருந்து அடைத்து வந்த சாக்குகளைச் சல்லிசாக வாங்கி, கழுவி உலர்த்தி, தானியச் சாக்கு என்று முதலாளி தள்ளிவிட்டிருந்தார். எங்கோ ஒரு தெருவில் நாலு வீட்டில் வாந்தியெடுத்தார்கள், இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. மச்சானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குடோனில் தகரக் கூரை படபடக்க, இரண்டு பேரும் பிரஸ்ஸின் ஓரம் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் நடுவில் சாக்குத் துண்டு. முதலாளி ஒரு விரலைப் பிடித்தார்: பாதி உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்போம். இரண்டு விரல்: யாரோ கலந்துவிட்டான் என்போம். மூன்று விரல்: நீ சொல்லாதே, நானே பார்த்துச் சொல்கிறேன்.

மச்சான் அவர் கையை முழுசாகப் பொத்திப் பிடித்தான். மொத்தமும். மழை விட்டதும் போலீஸில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

“மழை வருமா மாப்ளே?” என்று வாயால் கேட்டான், சிரித்துக்கொண்டே.

முதலாளி வலது கையை உருவவில்லை. இடது கையால் மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்து அவன் கழுத்தின் பக்கவாட்டில் இறக்கினார்.

கொக்கி உள்ளே போய் எலும்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. மச்சான் கத்தவில்லை; ஆச்சரியப்பட்டவன் மாதிரி பார்த்தான். பிறகு பிரஸ்ஸைத் திருகுகிற கடப்பாரையைத் துழாவி எடுத்து ஒரே வீச்சு வீசினான். முதலாளியின் வலது முட்டி, முறுக்கு நொறுங்குவதைப்போல் நொறுங்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள். எழுந்தது ஒருவர்தான், அதுவும் ஒற்றைக் காலில். கொக்கியைப் பிடித்தே தரதரவென்று இழுத்துப்போய், பிரஸ்ஸின் பெட்டிக்குள் பழைய சாக்குகளின் நடுவில் தள்ளினார். மேல்பலகையை இறக்கத் திருகினார். கடப்பாரையில் தொங்கித் தொங்கித் திருகினார். உள்ளே ஒவ்வொன்றாக முறிவது கூரையில் விழும் மழையையும் மீறிக் கேட்டது. நெஞ்சு எது, இடுப்பு எது என்று தெரிந்தது. கடைசியாகப் பலகையின் இடுக்கில் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது அதில். விரல்கள் எதையோ பொத்துவதுபோல் மெல்ல மூடிக்கொண்டன.

அந்தக் கையையும் உள்ளே அமுக்கி, ஆறு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். குடோன் மூலையில் அதை அடியில் வைத்து, மேலே ஒன்பது சிப்பம் அடுக்கினார். அந்த அடுக்கை இன்றுவரை விற்றதில்லை. மழைக்கு முந்தின நாள்களில் அடிச்சிப்பம் முனகும். முட்டியும் முனகும். இரண்டும் ஒரே நேரத்தில்தான்.

அந்தப் பேரத்தில் யாரும் தானாகக் கையை உருவவில்லை. பேரம் முடியவில்லை.

இப்போது போர்வைக்கு அடியில் அந்தக் கை காத்திருந்தது.

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். மூட்டத்தினூடே மகளின் முகம் மங்கலாகத் தெரிந்தது. “டாக்டரம்மா” என்று கத்தினார். மெலிந்த காற்றில் குரல் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டு விசிறியில் மாட்டிச் செத்தது. இடது கையின் ஐந்து விரலையும் விரித்து ஆட்டினார். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் ஐந்து என்று குறித்துக்கொண்டார்.

ரத்தத்தில் ஊறின யாவார புத்தி அப்போதும் விட்டுப்போகவில்லை. பேரம்தானே, பேசுவோம். அவர் எதிர்க்கையில் ஒரு விரலைப் பிடித்தார். இந்தக் காலை எடுத்துக்கொள். முழுசாக எடுத்துக்கொள்.

எதிர்க்கை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தது. பின்பக்கமாக வளைத்தது.

டக்.

வலி தோள்வரை வெள்ளையாக ஓடியது. அவர் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது.

இரண்டு விரலைப் பிடித்தார். இரண்டு காலும்.

டக். டக்.

“காத்து எந்தப் பக்கம் மாப்ளே?” என்றது மூட்டம், முகத்துக்கு மிக அருகில். மூட்டத்தில் இப்போது முகத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கன்னத்துப் பக்கம் ஒரு கண். தாடை மார்பின் மேல். கழுத்தில் கொக்கியின் பிடி, மெல்ல ஆடிக்கொண்டு.

மூன்று விரலைப் பிடித்தார். என் உயிர். இங்கேயே, இப்போதே. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டாம். அதை மட்டும் விட்டுவிடு மச்சான்.

எதிர்க்கை சற்று நேரம் சும்மா இருந்தது. ஆலோசிக்கிற கை. முதலாளிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

பிறகு அது விரிந்து, அவருடைய உடைந்த விரல்களையெல்லாம் சேர்த்து முழுக் கையையும் பொத்தியது.

மொத்தமும்.

இறுகியது. பிரஸ்ஸின் பலகை இறங்குவதைப்போல், அவசரமில்லாமல். மணிக்கட்டு நொறுங்கியது. அந்த நெருக்கல் முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது, விலாவுக்குள் இறங்கியது. ஒவ்வொரு விலாவும் தனித்தனியாக, வாத்தியார் பெயர் கூப்பிட எழுந்து பதில் சொல்கிற பிள்ளைகள் மாதிரி, வரிசையாக முறிந்தது. கண்ணெதிரே கறுப்புப் புள்ளிகள். இன்னும் கால் நிமிஷம் போனால் முதுகுத்தண்டு.

நிறுத்தச் சொல்லலாம். ரெண்டு கை, தலைக்கு மேலே, பெருக்கல் குறி.

ரெண்டு கை.

ஒரு கை துணிக்கு அடியில் இருந்தது. அதை உருவினால் என்ன அர்த்தம் என்பது, இந்தக் கட்டடத்துக்குள் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் செத்துப்போனவன்.

உருவாதே, உருவாதே என்று நாற்பது வருஷத் தொழில் மண்டைக்குள் அலறியது. இடுப்பெலும்பு பிளந்தது.

முட்டி முதலாளி ஆயுசில் முதல் தடவையாகக் கையை உருவினார்.

போர்வை சரிந்து விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தார். எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது, நல்ல யாவாரம் முடிந்த பெருமூச்சு. சீறிக்கொண்டு காற்று உள்ளே வந்தது. மூட்டம் கலைந்தது. பெஞ்சு காலி.

கதவைத் திறந்து அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. விரல்கள் நேராக இருந்தன. விலாவை அமுக்கிப் பார்த்தார்கள், வலிக்கவில்லை. முட்டி? மகள் பதற்றத்தோடு தொட்டுப் பார்த்தாள்.

“வலி இல்லம்மா” என்றார் முதலாளி, தன் குரலைத் தானே நம்பாமல். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை அந்த முட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

“பார்த்தீங்களா?” என்றார் ஆபரேட்டர். “கூலி வாங்காம வைத்தியம் பார்க்குது நம்ம உருளை.”

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துடலாம்” என்றார்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்தார்கள். சாயங்கால வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா படங்களோடு வந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“ஐயா, நீங்க லாரியிலேருந்து விழுந்தேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“உங்க உடம்புல முறியாத எலும்பு ஒண்ணுகூட இல்ல. விலா, இடுப்பு, முதுகு, கை விரல் வரைக்கும். எல்லாம் பழைய முறிவு. சேர்ந்து போய், இறுகி, இருபது வருஷத்துக்கு மேல ஆன மாதிரி இருக்கு.” அவர் குரல் தாழ்ந்தது. “இது விழுந்த அடி இல்லீங்க. மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வச்சு யாரோ நசுக்கின மாதிரி இருக்கு. இவ்வளவு பட்டவங்க பிழைச்சு நான் பார்த்ததில்ல.” ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்தார். “ஒரேயொரு இடம்தான் புதுசு மாதிரி சுத்தமா இருக்கு. அந்த வலது முட்டி.”

மகள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையில் போன் அடித்தது. குடோன் மேஸ்திரி. அவருடைய பேச்சு எப்போதும் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்.

“பாப்பா, அப்பாகிட்ட சொல்லும்மா. மூலையில அந்த விக்காத அடுக்கு இருக்குல்ல, கவிழ்ந்துடுச்சு. மத்தியானம் மூணு மணி இருக்கும். அடிச்சிப்பத்தோட பட்டை ஆறும் வெடி வெடிச்ச மாதிரி அறுந்துடுச்சு.”

“யாருக்காவது அடிபட்டுச்சா?”

“யாரும் பக்கத்துல இல்ல. ஆனா அந்தச் சிப்பம் விரிஞ்சு கிடக்குது பாரு, நடுவுல சாக்கெல்லாம் கறுத்துப்போய்...” மேஸ்திரியின் சத்தம் முதல் தடவையாக இறங்கியது. “ஆள் சுருண்டு படுத்திருந்த மாதிரி ஒரு பள்ளம். உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு கொக்கி மட்டும் கிடக்குது. பழைய கொக்கி. பிடியில உங்க மாமா பேர் வெட்டியிருக்கு.”

மகள் போனை வைத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோ, கடலில் காற்றழுத்தம் மத்தியானத்திலிருந்து திடீரென்று தாழ்ந்து வருவதாகவும் விடிவதற்குள் புயல் கரையைத் தொடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. தரையில் விழுந்திருந்த வெயில் சதுரம் சத்தமில்லாமல் மங்கியது.

முதலாளியின் சுண்டுவிரலில் யாரோ திருப்புளியை வைத்தார்கள். பிறகு அடுத்த விரலில். பிறகு மணிக்கட்டில். விலாவில் ஒவ்வொன்றிலும். முட்டியைத் தவிர எல்லா இடத்திலும், முதல் திருகு.

“அம்மா” என்றார் மகளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்னைத் திரும்ப அந்த உருளைக்குள்ள போடச் சொல்லு. காத்தைக் கூட்டி வைக்கச் சொல்லு. குறைய விடாதீங்க.”

அவளுடைய வலது கை, அப்பாவின் காலைப் பிடித்துவிடும் பழக்கத்தில், போர்வைக்கு அடியில் போயிருந்தது. அது அசையாமல் நின்றது. அவள் முகம் மெல்ல மாறியது. பயத்தில் இல்லை. வெகுநாளைக்கு முன் தொலைத்த எதையோ இருட்டில் தடவிக் கண்டுபிடித்தவள் மாதிரி.

“சின்ன வயசுல மாமா எனக்கு விரல் பாஷை சொல்லித் தருவார்” என்றாள். “சுண்டுவிரலைப் பிடிச்சு ரெண்டு தடவை இழுத்தா, ‘பாப்பா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ’ன்னு அர்த்தம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. உங்களுக்குக்கூடத் தெரியாது.”

முதலாளி தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் போர்வைக்கு மேலே, அவர் கண்ணெதிரே, விறைத்துக் கிடந்தன.

ஜன்னலுக்கு வெளியே முதல் காற்று மரத்து இலைகளைத் திருப்பிப் போட்டது. மகள் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். அவளுடைய சுண்டுவிரலில் ஒரு சணல் நூல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“குடோன் சாவி எங்கப்பா?” என்றாள்.

அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து சாவியைத் தானே எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

போர்வைக்கு அடியில் ஒரு கை மெதுவாக ஊர்ந்து வந்து, முதலாளியின் முட்டியை அன்போடு இரண்டு தட்டுத் தட்டியது.

“மழை வருது மாப்ளே.”